தரைக்கு அடியில் ஒரு தகடு

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் சாலையில், வத்திராயிருப்புக்குப் பாதை பிரியும் இடம் கிருஷ்ணன்கோவில். அமாவாசை, பௌர்ணமி என்றால் சதுரகிரி போகிறவர்கள் இங்கே இறங்கித் தாணிப்பாறைக்கு வண்டி பிடிப்பார்கள். நான் படித்த காலத்தில், மற்ற நாட்களில் பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் 1984இல் தொடங்கிய கலசலிங்கம் பொறியியல் கல்லூரியின் மாணவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருந்தேன். வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் விடுதிக்குப் போக, நான் சாலையோரத்துப் பட்டறை ஒன்றுக்குப் போவேன். லாரிக்குப் பட்டை மாற்றுவது, டிராக்டர் டிரெய்லருக்கு ஆக்சில் போடுவது, தோப்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைவது என்று நடந்துகொண்டிருந்த பட்டறை அது. 2004இல் ஒரு நாள் அதன் வாசலில் வெள்ளை நிறத்தில் இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்று வந்து நின்றது.

கொண்டுவந்தவர் ராஜபாளையத்து நூற்பாலைக் குடும்பம் ஒன்றின் மகன். தாத்தா வாங்கிய கார். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறந்து அப்போது அதிக நாள் ஆகியிருக்கவில்லை. அந்தப் பாதையில் தாத்தாவின் காரை ஓட்ட வேண்டும், அதற்குப் பந்தய பெல்ட் போட்டுத் தர வேண்டும் என்றார். பின்சீட்டில் ஒரு பையில் பெல்ட்டும் தயாராக இருந்தது. சிவப்பு நிறம், ஆறு வார்கள், நடுவில் திருகினால் திறக்கிற வட்டப் பூட்டு. கோயம்புத்தூரில் ஒருவரிடம் பழையதாக வாங்கியிருந்தார்.

பட்டறை அண்ணாச்சி பெல்ட்டைக் கையில் வாங்கவே இல்லை. கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டுத் தரைத் தகரத்தை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், “தம்பி, பெல்ட்டு அறாது. பெல்ட்டைப் பிடிச்சிருக்கிற தகரம்தான் கிழியும்” என்றார். அடுத்து வந்த வாரங்களில் நாங்கள் செய்த அத்தனை வேலையும் அந்தப் பேச்சுக்குள் அடங்கியிருந்தது.

ஹெரால்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் நிறுவனம் வெளியிட்ட கார். உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலொட்டி. 1961 முதல் சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் இங்கேயே தயாரானது. முன்பக்க மட்கார்டோடு சேர்ந்து முழு பானெட்டும் முன்னால் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினைச் சுற்றி நின்றும் டயர்மேல் உட்கார்ந்தும் வேலை பார்க்கலாம். 25 அடிக்குள் வட்டமடித்துத் திரும்பிவிடும். இதே சேஸைக் குறுக்கி, இதே மிக்கெலொட்டி வரைந்ததுதான் 1962இல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். நம் ஊரில் ஸ்பிட்ஃபயரைக் கண்டவர் அரிது. அதன் உடன்பிறப்பில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவர்கள் பலர். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஹெரால்டுகளும் ஃபியட்களும் அங்கே ஓடின. அண்ணாச்சி இளவயதில் சென்னைப் பட்டறை ஒன்றில் கைவேலைக்கு இருந்தவர். பந்தயத்துக்கு வண்டி தயார் செய்கிற கூட்டத்தோடு சோழவரம் போயிருக்கிறார்.

அங்கே ஒரு ஹெரால்டு புரண்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்தக் காரின் பின் ஆக்சில் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஊஞ்சல்போல் ஆடுகிற அமைப்பு. வளைவில் வேகமாகத் திருப்பிக்கொண்டே சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பும். வெளிச்சக்கரம் உள்பக்கமாக மடங்கும். அதன்மேல் கார் ஏறிவிடும். “அதனால முதல்ல ரோல் பார். பெறகுதான் பெல்ட்டு” என்று மில் வீட்டுக்காரரிடம் சொன்னார். அவருக்கு அது பிடிக்கவில்லை. தாத்தாவின் காருக்குள் இரும்புக் குழாயா என்றார்.

அண்ணாச்சி விளக்கிச் சொன்னது எனக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காதது. பெல்ட் இல்லாதவன் கார் புரளும்போது தெறித்து விழுவான். அது ஒரு சாவு. சாதாரண பெல்ட் போட்டவன் கூரை நசுங்கினால் பக்கவாட்டில் சாய்ந்து கொஞ்சம் குனிய இடமுண்டு. பந்தய பெல்ட் இரண்டு தோளையும் இருக்கையோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. கூரை இறங்கினால் அவன் நகர முடியாது. அத்தனை எடையும் தலையில் வந்து கழுத்தில் இறங்கும். கூரையைத் தாங்க இரும்பு வளைவு இல்லாத காரில் இந்த பெல்ட்டைப் போடுவது ஆளைக் கட்டிவைத்து ஆபத்தை அழைப்பது. இன்றைக்கும் அழகுக்காக மட்டும் சிவப்பு வார்களை மாட்டிக்கொண்டு ஓடும் கார்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

மில் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். ஆனால் அவருடைய பெல்ட் அடுத்த சிக்கலைக் கொண்டுவந்தது. தோள்வாரில் ஒரு சிறு சீட்டு தைத்திருந்தது. உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் 8853/98 என்ற தரம். 2003க்குப் பிறகு செல்லாது. தயாரித்து ஐந்தாண்டு, அதோடு சரி. “நாலஞ்சு மாசம்தானே தாண்டியிருக்கு, பார்க்கப் புதுசாத்தானே இருக்கு?” என்றார் அவர். கேள்வியில் நியாயம் இருந்தது. தொட்டுப் பார்த்தால் எங்கும் நைந்திருக்கவில்லை.

விடை அவருடைய சொந்த மில்லிலேயே இருந்தது. நூற்பாலைக்கு நூலின் வலிமை அன்றாடக் கணக்கு. ராஜபாளையத்து மில்களில் அதற்கென்றே சோதனைக்கூடம் உண்டு. பெல்ட் வார் என்பது பாலியஸ்டர் நூலில் நெருக்கமாக நெய்த பட்டைதானே, சோதித்துவிடலாம் என்று அண்ணாச்சி சொன்னார். வெயில் பட்ட தோள்பகுதியிலிருந்து சில நூல்களையும், இரும்புக் கொக்கிக்குள் மடிந்து மறைந்திருந்த பகுதியிலிருந்து சில நூல்களையும் உருவினோம். பிரித்தெடுக்கையிலேயே நிற வேறுபாடு தெரிந்தது. உள்ளே இருந்தது இரத்தச் சிவப்பு, வெளியே இருந்தது செங்கல் சிவப்பு. சோதனைக்கூடத்து மேற்பார்வையாளர் ஒவ்வொன்றாக இயந்திரத்தில் மாட்டினார். வெயில் பட்ட நூல்கள் ஒவ்வொன்றும் மறைந்திருந்த நூல்களைவிட முன்னதாக அறுந்தன. அந்த மனிதர் பெல்ட்டை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்து, “வெயிலு நூலோட உசிரைக் குடிச்சிருக்கு” என்றார். பிறகு மில் வீட்டுக்காரர் எதிர்வாதம் செய்யவில்லை. நூல் குடும்பத்தில் பிறந்தவருக்கு நூலின் சாட்சியம் போதுமானதாக இருந்தது.

புது பெல்ட் வர நாளாகும் என்பதால் இரும்பு வேலை முதலில் நடந்தது. வீட்டுக்குத் தண்ணீர் வரும் குழாயில் நீளமாக ஒரு ஒட்டுக்கோடு ஓடும். அடிபட்டால் அந்தக் கோட்டில் பிளக்கலாம். ரோல் பாருக்கு ஒட்டே இல்லாத சீம்லெஸ் குழாய் வேண்டும். 45 மில்லிமீட்டர் விட்டம், இரண்டரை மில்லிமீட்டர் கனம். வளைத்துத் தந்தது கோயம்புத்தூர், ஒட்டியது கிருஷ்ணன்கோவில். வளைவின் கால்கள் தரையில் நிற்கும் இடத்தில் அடியில் ஒரு தகடு, மேலே ஒரு தகடு, நடுவே காரின் தகரம். இருக்கைக்குப் பின்னால் தோள் உயரத்தில் குறுக்காக இன்னொரு குழாய். தோள்வார்கள் அதில் கட்டப்படும்.

அந்தக் குறுக்குக் குழாய் எதற்கு, பின்சீட்டுத் தரையிலேயே போல்ட் போட்டால் என்ன என்று நான்தான் கேட்டேன். அண்ணாச்சி என்னை இருக்கையில் உட்காரவைத்து, தோளுக்கு மேல் ஒரு கயிற்றைப் போட்டுப் பின்னால் தரையை நோக்கி இழுத்தார். கொஞ்ச இழுப்பிலேயே முதுகெலும்பு உட்கார்ந்தது. மோதலில் உடம்பு முன்னால் பாயும். கயிறு கீழ்நோக்கிப் போனால் அந்த விசையில் ஒரு பங்கு தோளைக் கீழே அழுத்தி முதுகை நசுக்கும். அதையே கிடைமட்டமாகப் பின்னால் இழுத்தார். உடம்பு இருக்கையில் பதிந்தது, முதுகில் பாரம் இல்லை. தோள்வார் கிடைமட்டத்திலிருந்து 10 பாகைக்குமேல் இறங்காமல் இருப்பது நல்லது என்றும், 45 பாகையை எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாதென்றும் விதிநூலில் இருப்பதைப் பிறகு படித்தேன். கல்லூரியில் விசையைக் கூறுகளாகப் பிரித்து எத்தனையோ கணக்குப் போட்டிருந்தேன். அந்தக் கணக்கு என் தோள்மேல் நடந்தது அன்றுதான்.

இடுப்பு வாருக்கு வேறு கணக்கு. அது வயிற்றில் படக் கூடாது. இடுப்பெலும்பின் முன்முனைகள் இரண்டும் கையால் தொட்டால் தெரியும். வார் அவற்றுக்குக் கீழே, தொடை மடிகிற இடத்தில் இறுக வேண்டும். வயிற்றில் இருந்தால் குடலும் ஈரலும்தான் அடி வாங்கும். கவட்டைக்கிடையில் வரும் இரண்டு வார்களும் இடுப்பு வார் மேலே ஏறாமலும், ஆள் அதற்கடியில் வழுக்கிப் போகாமலும் பிடித்து வைப்பதற்காக இருக்கின்றன. அவை நுழைய இருக்கையில் துளை வேண்டுமே. பழைய ரெக்ஸின் சீட்டை மூட்டையாகக் கட்டி மில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வார் நுழையத் துளைகள் உள்ள பந்தய இருக்கை போட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர் சீட் கடைக்காரர் ஒருவர் தோள்வாருக்குப் பஞ்சு மெத்தை வைத்து பெல்ட்டோடு சேர்த்துத் தைத்துத் தருவதாக அன்போடு சொன்னார். ஊசி புகுந்த இடத்தில் நூல் அறும் என்று அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார்.

இனி அந்தத் தகடு. ஹெரால்டின் தரை, சேஸ் மேல் உட்கார்ந்திருக்கும் மெல்லிய தகரம். இடுப்பு வாரின் முனைகளை அதில்தான் பிடிக்க வேண்டும். நான் கணக்குப் போட்டேன்: 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றால், அவன் உடம்பின்மேல் விழும் விசை அவன் எடையைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு. 70 கிலோ ஆளுக்கு அது இரண்டு டன் பாரம். இரண்டு டன்னை ஒரு தகரம் பிடித்து நிற்குமா? மில் வீட்டுக்காரர், நல்ல போல்ட்டும் பெரிய வாஷரும் போட்டால் நிற்காதா என்று கேட்டார்.

அண்ணாச்சி பேசவில்லை. பழைய இரும்புக் கடையிலிருந்து ஓர் அம்பாசிடரின் தரையை வெட்டி வாங்கிவந்தார். அதைப் பட்டறைப் பின்புறம் கனமான இரும்புச் சட்டத்தில் நாலு பக்கமும் இறுக்கினார். ஒரு துளையில் ஹைடென்சைல் போல்ட்டும் சாதாரண வாஷரும் போட்டார். இன்னொரு துளையில் அதே போல்ட். ஆனால் அடியில் மூன்று மில்லிமீட்டர் கனத்தில், உள்ளங்கையளவு தகடு, மூலைகள் உருட்டி ராவப்பட்டது. எஞ்சின் தூக்குகிற செயின் பிளாக்கின் ஒரு முனையைப் புதைத்திருந்த தண்டவாளத்தில் கட்டினார். எங்களை எல்லாம் தூரமாக லாரி மறைவில் நிற்கச் சொன்னார்.

வாஷர் போட்ட போல்ட் சிணுங்காமல் சிறிது நேரம் நின்றது. பிறகு தகரம் குமிழாக எழும்பியது. சங்கிலி இன்னும் சில கண்ணி ஏறியதும் ஒரு கிழிசல் சத்தம்; போல்ட், நட், வாஷர் மூன்றும் ஒன்றாகத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தன. போல்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை. வாஷர் கொஞ்சம் கிண்ணமாகக் குழிந்திருந்தது, அவ்வளவே. அடுத்து தகடு போட்டதை இழுத்தார். தரை முழுவதும் மெல்ல வளைந்தது; சட்டம் முனகியது; செயின் பிளாக்கைப் பிடித்திருந்த கை நடுங்கியது. போல்ட் இருந்த இடத்தில் இருந்தது. மில் வீட்டுக்காரர் அருகே போய்க் கிழிந்த துளையில் கையை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

குறைந்தது 40 சதுர சென்டிமீட்டர் பரப்பு, மூன்று மில்லிமீட்டர் கனம் என்று உலகக் கூட்டமைப்பு எழுதிவைத்திருக்கும் அளவை நான் படித்தபோது, அதை எழுதியவர்களும் எங்கோ ஒரு தகரத்தை இழுத்துப் பார்த்திருப்பார்கள் என்று தோன்றியது. நாங்கள் அதைவிடப் பெரிதாகவே போட்டோம். சேஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளை ஒட்டி இடம் தேர்ந்தோம். துளையின் விளிம்பைப் பிசிறில்லாமல் ராவி, துரு பிடிக்காமல் ரெட் ஆக்சைடு அடித்து, அடியிலிருந்து தகடு, மேலிருந்து வளையம் வைத்த போல்ட். மேலே கார்ப்பெட் மூடிய பிறகு, உட்கார்ந்து ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரிவது அந்த வளையம் மட்டும்.

புது பெல்ட் வந்தது. சீட்டில் 2009 என்று இருந்தது. தோள்வார்களைக் குறுக்குக் குழாயில் சுற்றி, மூன்று கம்பிக் கொக்கியில் நுழைத்து, நுனியை மறுபடி திருப்பி நுழைத்தோம். திருப்பி நுழைக்காமல் விட்டால் இழுவை வரும்போது வார் உருவிக்கொண்டு போய்விடும். நுனியும் ஒரு கையகலம் மிச்சம் நிற்க வேண்டும். வார்கள் குழாயில் பக்கவாட்டில் நழுவாமலிருக்க இரு புறமும் சிறு வளையங்களை அண்ணாச்சி ஒட்டிவைத்தார். கட்டுகிற வரிசையையும் மனப்பாடம் ஆகும்வரை சொல்லிக்கொடுத்தார்: முதலில் இடுப்பு, மூச்சை விட்டபடி முழுவதும் இறுக்கு, பிறகு தோள். தோளை முதலில் இறுக்கினால் பூட்டு மேலே ஏறி இடுப்பு வாரை வயிற்றுக்குத் தூக்கிவிடும். அவிழ்க்கிற பழக்கத்தை அதைவிட முக்கியமாக நினைத்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தனித்தனியாக, பூட்டைத் திருகி இறங்கிக் காட்டும்வரை மில் வீட்டுக்காரரை விடவில்லை.

ஒரு கவலை மட்டும் பாக்கி இருந்தது. உடம்பை இவ்வளவு இறுகக் கட்டிவிட்டால் தலை? அமெரிக்க ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் 2001 பிப்ரவரியில் டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி, மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்து இறந்தார். தலை மட்டும் முன்னால் பாயும்போது கழுத்து பிடிக்கிற பாரம் அது. ராபர்ட் ஹப்பர்ட் என்ற பேராசிரியரும் அவர் மைத்துனரான ஜிம் டவுனிங் என்ற பந்தய ஓட்டுநரும் சேர்ந்து உருவாக்கிய ‘ஹான்ஸ்’ என்ற கழுத்துக் காப்பு அதற்கான விடை. தோளில் பெல்ட்டுக்கடியில் உட்கார்ந்து, ஹெல்மெட்டைப் பின்னால் பிடித்துக்கொள்ளும். ஃபார்முலா 1 பந்தயங்களில் 2003 முதல் அது கட்டாயம். மில் வீட்டுக்காரர் கோயம்புத்தூர் நண்பரிடம் ஹெல்மெட்டோடு இரவல் வாங்கினார். அது கைக்கு வரும்வரை அண்ணாச்சி காரின் சாவியைத் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

செட்டிப்பாளையத்துக்கு நாங்களும் போனோம். கோயம்புத்தூர் நூற்பாலைக் குடும்பத்தில் பிறந்து, 1988இல் ஃபார்முலா மாருதி காரை உருவாக்கி, 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவர்தனின் பெயரைத் தாங்கிய பாதை. அவர் செய்த மலிவான பந்தயக் கார் இல்லாவிட்டால் நம் நாட்டில் எத்தனையோ பிள்ளைகள் பந்தயத்தை எட்டியே பார்த்திருக்க மாட்டார்கள். நூலும் வேகமும் ஒரே வீட்டில் வளர்ந்தது அங்கே புதிதில்லை என்பதில் ராஜபாளையத்துக்காரருக்கு ஒரு பெருமிதம்.

காரைச் சோதித்த பெரியவர் பெல்ட்டின் சீட்டைப் பார்த்தார். பிறகு ஒரு சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, டார்ச்சோடு காருக்கடியில் போனார். நாங்கள் வெளியே அவருடைய கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றோம். எழுந்து வந்து தூசியைத் தட்டிக்கொண்டே, “தகடு யார் போட்டது?” என்று கேட்டார். அண்ணாச்சி கையைத் தூக்கினார். பெரியவர் வேறெதையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்று ஹெரால்டு ஓடியது. வேகத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அந்த எஞ்சினுக்கு முடிந்ததைச் செய்தது. வளைவுகளில் ஓட்டுநர் இருக்கையோடு ஒன்றாக நின்றார். ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கவில்லை. கைகள் திருப்புகிற வேலையை மட்டும் பார்த்தன என்றார்.

ஊர் திரும்பியதும் அண்ணாச்சி அதே காரில் சாதாரண மூன்று முனை பெல்ட்டையும் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் போட்டார். வால்வோவில் நீல்ஸ் பொலின் வடிவமைத்த அந்த பெல்ட் காரில் வந்ததும் ஹெரால்டு பிறந்த அதே 1959இல்தான். ஆனாலும் நம் நாட்டில் புதுக் காரின் முன்னிருக்கைக்கு பெல்ட் கட்டாயமானது 1994இல். பந்தய பெல்ட் கட்டிக்கொண்டு மதுரைச் சாலையில் ஓட்டினால், குறுக்குச் சாலையில் வருகிற டிராக்டரை எட்டிப் பார்க்கக்கூட உடம்பைச் சாய்க்க முடியாது. பாதைக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று என்று பிரித்துவிட்டார். மில் வீட்டுக்காரர் தம் அம்மாவை ஆண்டாள் கோவிலுக்கு அழைத்துப் போகும்போது அம்மாவுக்கு அந்த மூன்று முனை பெல்ட்.

2007இல் பித்தம்பூரில் மாணவர்களுக்கான பாஹா வண்டிப் போட்டி தொடங்கிய பிறகு, கரடுமுரடான நிலத்தில் ஓடும் வண்டி கட்ட முனைந்த மாணவர்கள் அண்ணாச்சியைத் தேடி வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கிழிந்த அம்பாசிடர் தரையைச் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்திருந்தாராம். பேசுவதற்கு முன் அதில் விரலை விட்டுப் பார்க்கச் சொல்வாராம்.

2009 முடிந்து மறு வருடம் பொங்கலுக்கு நான் ஊருக்கு வந்திருந்தபோது ஹெரால்டு பட்டறையில் நின்றது. பெல்ட்டின் காலம் முடிந்திருந்தது. மில் வீட்டுக்காரர் புதியதை வாங்கி வந்திருந்தார். அடித்தகடுகளைக் கழற்றிப் பார்த்துத் துரு இல்லையென்று மறுபடி அதே துளைகளில் இறுக்கினோம். பழைய வார்களை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை, விற்கவும் இல்லை. துணி வெட்டுகிற கத்தரியால் தோள்வார் இரண்டையும் நடுவே வெட்டினார். இடுப்பு வாரையும் வெட்டினார். பாலியஸ்டர் வழுக்கிக்கொண்டே போனது, கத்தரி மழுங்கியது. அண்ணாச்சி உள்ளே போய்த் தகடு வெட்டுகிற கத்தரியை எடுத்து வந்து கொடுத்தார்.